உங்கள் அட்டையில் நீங்கள் மட்டும்

எங்கள் நூலகக் கதவில் ஒட்டியிருக்கும் விதிகளை எழுதியவள் நான்தான். மொத்தம் ஏழு விதிகள். வாரத்தில் இரண்டு பிற்பகல்கள், திங்களும் வியாழனும், நான் மேசையில் இருப்பேன். மற்றபடி காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை ஆளில்லா நேரம். அட்டையைக் கதவோரப் பெட்டியில் காட்டி ரகசிய எண்ணை அழுத்தினால் பூட்டு திறக்கும். புத்தகத்தை நீங்களே எடுத்து, நீங்களே பதிந்து, நீங்களே திருப்பி வைக்கலாம். எங்கள் ஹாப்பவாராவைப் போல எண்ணூறு பேர் வாழும் ஊருக்கு இதை விட்டால் வேறு வழியில்லை. இந்த ஏற்பாடு வந்திராவிட்டால் நூலகத்தை ஆறு வருடங்களுக்கு முன்பே மூடியிருப்பார்கள்.

மூன்றாவது விதி இப்படிச் சொல்கிறது: "உங்கள் அட்டையில் நீங்கள் மட்டுமே நுழையலாம். வேறு யாரையும் உள்ளே விடாதீர்கள். மீறினால் ஆறு மாதங்களுக்கு ஆளில்லா நேரத்தில் நுழையும் உரிமை நீங்கும்."

அந்த ஆறு மாதம் நான் போட்டது. பக்கத்து நகரத்தில் மூன்று மாதம்தான். கண்டிப்பானவள் என்று பெயரெடுக்க ஆசைப்பட்டேன் போலிருக்கிறது.

பிப்ரவரியின் இரண்டாவது திங்கட்கிழமை நான் வேலைக்கு வந்தபோது ஆவுனே கிவியோயா படிக்கட்டில் நின்றிருந்தாள். தொப்பியின் ஓரமெல்லாம் மூச்சு உறைந்து வெள்ளையாக இருந்தது.

"கார்டுதான் இருக்கே, உள்ள போய் உக்கார வேண்டியதுதானே? உறைஞ்சு போயிடுவ."

"உள்ள போகலாமா கூடாதான்னு தெரியல, ஹெல்கா. நேத்து நான் ஒருத்தரை உள்ள விட்டுட்டேன்."

எனக்கு அது முன்பே தெரியும். அன்று காலையிலேயே காவல் நிறுவனத்தின் அறிக்கை மின்னஞ்சலில் வந்திருந்தது. ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கதவுகள் தாமாகப் பூட்டிக்கொண்ட பிறகு உள்ளே ஏதோ அசைந்து அலாரம் அடித்திருக்கிறது. காவலர் எழுபது கிலோமீட்டர் தாண்டி வந்து பார்த்தபோது, படப்புத்தக அலமாரிக்குப் பின்னால், வெப்பக்குழாயை ஒட்டி ஒரு கிழவர் தரையில் கிடந்தார். நல்ல காய்ச்சல். ஆம்புலன்ஸ் வந்து எடுத்துப் போயிற்று. அனுமதியற்ற நபர், யாருடைய அட்டையில் நுழைந்தார் என்று கண்டறியவும் என்று அறிக்கை முடிந்திருந்தது. கதவின் பதிவேட்டில் ஞாயிறு ஒன்று பன்னிரண்டுக்கு ஒரே ஒரு அட்டைதான் இருந்தது.

அவளை உள்ளே இழுத்து வந்து காப்பி ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெளியில மைனஸ் இருபத்தாறு. அவர் படியில நின்னார். வாயைத் திறந்து எதுவும் கேக்கல. நான் கதவை ஒரு நிமிஷம் கூடப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், அவ்வளவுதான்."

"யாருன்னு கேட்டியா?"

"அதெப்படி? முன்னப்பின்ன தெரியாதவர்கிட்ட போய்ப் பேரைக் கேக்கறதா?"

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலியான பேருந்தில் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், இவருக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைக்கிற ஊர் எங்களுடையது. ஒருவரை அவர் போக்கில் விட்டுவிடுவதுதான் மரியாதை என்று எங்கள் அம்மாக்கள் சொல்லிக் கொடுத்தார்கள்.

"இன்னும் ஒண்ணு சொல்லணும்" என்றாள் ஆவுனே. "அஞ்சு மணிக்கு நான் கிளம்பறப்ப அவர் கண்ணை மூடிட்டு நாற்காலியில இருந்தார். மூச்சு ஒரு மாதிரி இழுத்துச்சு. தூங்கறார்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நர்ஸ் வேலைக்குப் படிக்கறவ நான். அது தூக்கமில்லன்னு தெரியாதா எனக்கு? தொட்டு எழுப்பினா அவருக்குச் சங்கடமா இருக்குமேன்னு ஒரு பன்னை நாற்காலிக் கைப்பிடியில வச்சிட்டுப் போயிட்டேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஆவுனேயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வயது நாற்பத்தேழு. மரஆலை மூடியபோது வேலை போயிற்று. அடுத்த வருடமே கணவன் மார்க்குவுக்குப் பக்கவாதம் வந்தது. வீட்டில் தொலைக்காட்சி ஓயாது ஓட வேண்டும். சத்தம் நின்றால் அவன் மிரண்டுபோவான். வார நாட்களில் காலை ஆறிலிருந்து எட்டு வரையும், ஞாயிறு பிற்பகலும் அவன் தம்பி வந்து துணைக்கு உட்காருவான். அந்த நேரத்தில் ஆவுனே நூலகத்தில், ஜன்னலோர மேசையில், செவிலித் துணையாளர் படிப்பைப் படித்துக்கொண்டிருப்பாள். இரண்டு வருடங்களாக அப்படித்தான். ஏப்ரல் பதினேழு கடைசித் தேர்வு. தேறினால் ஊர் முதியோர் இல்லத்திலேயே வேலை காத்திருக்கிறது. ஆறு மாதம் உரிமை போனால் அதெல்லாம் போயிற்று.

"என் பேரை நீயே சொல்லிடு" என்றாள். "ஒளிச்சு வச்சேன்னு யாரும் சொல்லக் கூடாது."

அன்று மாலை ரவுனோ தெர்வஹௌத்தாவிடம் தொலைபேசியில் பேசினேன். நகராட்சியின் பண்பாட்டுப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். என்னைவிட இருபது வயது இளையவர், நல்ல மனிதர், எப்போதும் களைத்திருப்பவர்.

"புதன்கிழமை குழுக்கூட்டம், ஹெல்கா. பேரு வேணும்."

"பேரு தெரியும் ரவுனோ. அவளுக்கு இது எவ்வளவு பெரிய அடின்னு உங்களுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரிய வேண்டாம். விதியை எழுதினது நீங்க. அதை நாமளே மதிக்கலைன்னா, ஆளில்லா நேரமே வேண்டாம்னு கேக்கறவங்க குழுவில இருக்காங்க. ஒருத்தருக்காக மொத்தத்தையும் இழக்கணுமா?"

"அந்த மனுஷர் இதுக்கு முன்னாடியும் வந்திருக்காரான்னு பார்க்கணும். கேமராப் பதிவுகளைப் பார்க்க அனுமதி குடுங்க."

"பதினாலு நாளுக்குத்தான் இருக்கும். பாருங்க. நீங்க மட்டும்."

செவ்வாய்க்கிழமை காலை கதவைப் பூட்டிக்கொண்டு பின்னறையில் உட்கார்ந்தேன். ஞாயிறு நடந்தது ஆவுனே சொன்னபடியே இருந்தது. பிறகு சனிக்கிழமைக்குப் போனேன். பிறகு வெள்ளிக்கு.

வெள்ளிக்கிழமை அவரை உள்ளே விட்டவர் பள்ளி ஆசிரியர். பூட்டைத் திறந்துவிட்டு, கதவை முதுகால் தாங்கியபடி குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டுகிறார். கட்டிக்கொண்டே இருக்கிறார். கிழவர் அவரைத் தாண்டி உள்ளே போனதும் நிமிர்கிறார். ஆசிரியரின் காலணியில் கயிறே கிடையாது, ஜிப் வைத்தது. என்னையறியாமல் சிரித்துவிட்டேன்.

அதற்கு முந்தைய வாரம், பனி தள்ளும் வண்டி ஓட்டும் ஒன்னி கார்ப்பி. வாசல் மிதியடியைப் பூட்ஸால் தள்ளிக் கதவிடுக்கில் சிக்கவைத்துவிட்டு, தெரியாமல் நடந்ததுபோல் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு போகிறார். இப்படி மூன்று நாள். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் லேயா, திறந்த கதவைப் பிடித்தபடி கைப்பையில் எதையோ தேடு தேடென்று தேடுகிறாள். ஒருத்தி கம்பளிக் காலுறைகளைச் சுருட்டி நாற்காலியில் வைத்துவிட்டுப் போகிறாள். ஒருவர் சூடான காப்பிக் குடுவையை வைக்கிறார். மறுநாள் வந்து காலிக் குடுவையை எடுத்துப் போகிறார். எல்லோரும் உள்ளே வந்ததும் ஒருமுறை கேமராவை ஓரக்கண்ணால் பார்க்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தான் மட்டும்தான் விதியை மீறுகிறோம் என்று நினைப்பு.

காகிதத்தில் கோடு போட்டு எண்ணினேன். பதினாலு நாளில் பதினாறு பேர். அந்தப் பதினாறு பேரில் ஒருவர்கூட அவரிடம் வாய்திறந்து பேசவில்லை. படத்தில் ஒலி கிடையாது. ஆனால் உதடு அசைந்தால் தெரியும்தானே. நாளுக்கு நாள் அவர் குனிந்துகொண்டே போவதும், இருமும்போது கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொள்வதும் எனக்கு அடுத்தடுத்துத் தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஒரு நாள்தான் அவரைப் பார்த்தார்கள். ஒரு நாள் மட்டும் பார்த்தால் அது வெறும் ஜலதோஷம்.

இன்னொன்றும் கண்டேன். திங்களும் வியாழனும் பன்னிரண்டு அடித்ததும் அவர் எழுந்து, நாற்காலியை நேராக்கிவிட்டு, வெளியே போய்விடுகிறார். நான் இருக்கும் பிற்பகல்களில் அட்டை இல்லாதவர்களும் உள்ளே வந்து உட்காரலாம். அந்த நேரத்தில்தான் அவர் இல்லை. என்னைப் பார்த்தால் ஏன் இந்தப் பயம்?

பதிவில் இருந்த முதல் சனிக்கிழமைக்கு வந்தேன். காலை பத்து மணி. மறந்துவைத்த மூக்குக்கண்ணாடியை எடுக்க ஒரு பெண் வருகிறாள், எடுத்துக்கொண்டு திரும்புகிறாள். கதவைத் திறக்கும்போது எதிரே அவர் நிற்கிறார். அவள் ஒதுங்கி, கதவைத் தோளால் தாங்கிப் பிடித்து, தலையசைத்துவிட்டுத் தன் வழியே போகிறாள். அவர் முகத்தை அவள் பார்க்கவேயில்லை. சாம்பல் நிறக் கோட்டு, சிவப்புக் கழுத்துத் துணி. அந்தத் துணியை நானே பின்னினேன்.

பதினேழு பேர்.

அப்போதுதான் நவம்பர் மாதம் நினைவுக்கு வந்தது. ஒரு திங்கட்கிழமை இதே மனிதர், கையுறைகளைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, என் மேசை முன்னால் நின்றார். அட்டை வேண்டும் என்றார். அவர் நீட்டிய ஓட்டுநர் உரிமம் காலாவதியாகியிருந்தது. கண் மங்கியதால் புதுப்பிக்கவில்லை என்றார். "செல்லுபடியாகும் அடையாள அட்டையோட வாங்க" என்றேன். "ஆமா, ஆமா, அதுதானே முறை" என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் வரிசை ஏதும் இல்லை. எனக்கு அவசரமும் இல்லை. எதற்கு அட்டை, எங்கிருந்து வருகிறீர்கள், சற்று உட்காருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நேரம் இருந்தது.

பிற்பகலே வண்டியை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். நீங்கள் உறவா என்று செவிலி கேட்டாள். ஊர்க்காரி என்றேன். உள்ளே போய் அவரிடம் கேட்டுவிட்டு வந்து என்னை விட்டாள்.

தலையணையில் சாய்ந்திருந்தார். மூக்கில் பிராணவாயுக் குழாய். அவர் பெயர் அர்மாஸ் ஹெய்க்குரா என்று கட்டில் பலகையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"நீங்க லைப்ரரிக்காரங்க இல்ல?" என்றார். எழுந்து உட்காரப் பார்த்தார்.

"படுங்க, படுங்க. என் பேரு ஹெல்கா."

"ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன். மணி ஆகுதுன்னு ஒலிபெருக்கி சொன்னது காதுல விழுந்துச்சு. எந்திரிக்கணும்னுதான் பார்த்தேன். காலு கேக்கல."

"அவ்வளவு காய்ச்சல்ல ஏன் வீட்டை விட்டு வந்தீங்க?"

அவர் ஜன்னலைப் பார்த்தபடி, வேறு யாருடைய விஷயத்தையோ சொல்வதுபோலச் சொன்னார். ஏரிக்கு அக்கரையில் தனி வீடு. மரம் வெட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "புகைபோக்கியில விரிசல். சுத்தம் பண்ண வந்த பையன் அக்டோபர்ல பார்த்துட்டு, இனி அடுப்பு மூட்டக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துட்டான். நல்ல பையன், அவனைக் குத்தம் சொல்ல முடியாது. நெருப்புப் புடிச்சா யாரு பதில் சொல்றது? சின்னதா ஒரு மின்சார ஹீட்டர் இருக்கு. ராத்திரிக்கு அது போதும், கட்டிலுக்கடியில வச்சுக்குவேன்."

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, அர்மாஸ்."

"என்னன்னு சொல்றது? குளிருதுன்னா? எல்லாருக்கும்தான் குளிருது."

சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

"நவம்பர்ல நீங்க என்கிட்ட வந்தீங்க. நான் உங்களைத் திருப்பி அனுப்பிட்டேன்" என்றேன்.

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க. விதின்னா விதிதான்."

அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

ஆவுனேயின் பெயரைச் சொல்லாமல், அவரை உள்ளே விட்ட பெண்ணுக்கு வந்திருக்கும் சிக்கலைச் சொன்னேன்.

"பன்னு வச்ச பொண்ணா? மேசை நிறையப் புத்தகம் பரப்பிக்கிட்டுப் படிக்குமே, அதுவா? அதுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுங்க. நான் கதவை நெம்பிக்கிட்டு நுழைஞ்சேன்னு எழுதிடுங்க. கையெழுத்து வேணும்னா போட்டுத் தர்றேன். கார்டே இல்லாதவன்கிட்டேர்ந்து எதைப் புடுங்குவாங்க?"

"அது பொய்யாச்சே."

"பொய்தான். ஆனா அதுல யாருக்கும் காயம் இல்ல."

திரும்பி வரும் வழியில், ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பொய் என் மடியில் ஒரு பூனைக்குட்டியைப்போல இதமாகக் கிடந்தது. ஒரு வரி எழுதினால் போதும், ஆவுனே தப்பிப்பாள். ஆனால் அப்புறம் அர்மாஸ் ஹெய்க்குரா கதவை நெம்பியவராக இந்த ஊரில் வாழ வேண்டும். ஏழை தன் பெயரை எடுத்து நமக்கு இரவல் தருகிறான் என்பதற்காக நாம் அதை வாங்கிக்கொள்ளலாமா? கர்த்தரிடம் வழி கேட்டேன். அவர் வழக்கம்போல உடனே ஒன்றும் சொல்லவில்லை. கைவிரல்கள் விறைத்த பிறகு வண்டியைக் கிளப்பினேன்.

புதன்கிழமை மாலை நான்கரைக்கு நகராட்சிக் கட்டடத்தில் குழு கூடியது. தலைவி ஹில்லெவி, அவரோடு நான்கு உறுப்பினர்கள். நால்வரில் ஒருவர் ஒன்னி கார்ப்பி; ஊர் மக்கள்தானே இந்தக் குழுக்களில் இருக்கிறார்கள். காப்பிக் கோப்பையில் சர்க்கரையே போடாமல் கலக்கிக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து நின்றேன்.

"ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரியவரை உள்ள விட்டவங்க பேரு எனக்குத் தெரியும். ஆனா பதிவுகளைப் பார்த்ததுல, பதினாலு நாள்ல பதினேழு பேர் அவரை உள்ள விட்டிருக்காங்க. அதுல ஒருத்தி நான். விதிப்படி செய்யறதுன்னா என் பேரை முதல்ல எழுதிக்குங்க. மத்த பதினாறு பேரையும் எழுதினா, ஊர்ல லைப்ரரிக்கு வர்றவங்க மிச்சம் இருக்க மாட்டாங்க. எல்லாருக்கும் எச்சரிக்கை மட்டும் குடுத்துட்டு, ஆளில்லா நேரத்தை இப்படியே தொடரலாம்னு கேட்டுக்கறேன்."

"யார் யாரு அந்தப் பதினாறு பேரு?" என்றார் ஹில்லெவி.

"கேட்டா குடுக்கறேன். இங்க எல்லார் முன்னாலயும் படிக்க மாட்டேன்."

எங்கள் கூட்டங்களில் மௌனம் நீளமாக இருக்கும்; அதில் யாரும் பதறுவதில்லை. பிறகு ஒன்னி கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நானும்தான். மூணு தடவை."

யாரும் அவரைப் பார்க்கவில்லை. ஹில்லெவி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். குரலில் வருத்தம் இருந்தது, அதை நான் மறுக்க மாட்டேன். "அப்படின்னா ஒன்னி, இந்த விஷயத்துல நீ சம்பந்தப்பட்டவன். சட்டப்படி நீ ஓட்டுப் போடக் கூடாது. வெளிய போய் இருக்கணும்."

ஒன்னி எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

ரவுனோ தன் யோசனையை வைத்தார். யாரையும் தனியாகத் தண்டிக்க வேண்டாம். ஆனால் விதி இத்தனை பேரால் மீறப்படும்போது ஆளில்லா நேரம் பாதுகாப்பில்லை. ஏப்ரல் முடியும் வரை அதை நிறுத்தி வைத்துவிட்டுப் புது விதிகள் எழுதலாம். வாக்கெடுத்தார்கள். என் பக்கம் இரண்டு, அவர் பக்கம் இரண்டு, அந்த இரண்டில் ஒன்று தலைவியுடையது. சமமானால் தலைவி இருக்கும் பக்கம் வெற்றி. ஒன்னி உள்ளே இருந்திருந்தால் மூன்றுக்கு இரண்டாக நாங்கள் ஜெயித்திருப்போம்.

நடைவழிப் பெஞ்சில் அவர் தொப்பியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடிவைச் சொன்னேன்.

"அறுபத்திரண்டு வருஷமா வாயை மூடிக்கிட்டிருந்தேன், ஹெல்கா. ஒரே ஒரு தடவை திறந்தேன். ஊர் லைப்ரரியையே மூடிட்டாங்க."

"நீங்க சொன்னது நல்லதுதான்."

"நல்லதா? போய் ஆவுனேகிட்ட சொல்லு நல்லதுன்னு."

அவள்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு யார் படிக்கிறார்கள்?

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நேர்மையாக இருந்தால் நல்லது நடக்கும் என்று நம்பி வளர்ந்தவள் நான். இப்போது நேர்மையால் ஒரு பெண்ணின் இரண்டு வருட உழைப்பு தெருவில் நிற்கிறது. பதினேழு பேர் கதவைப் பிடித்ததால் ஒரு மனிதர் இந்தக் கடுங்குளிர் வாரங்களைக் கடந்திருக்கிறார். அவரைத் தெருவில் விட்டிருந்தால் முதல் வாரத்திலேயே போயிருப்பார். அந்தப் பிடித்த கதவுகளில் ஒன்றும் வீண் போகவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் நாற்காலியில் பன்னை வைப்பதற்கும், பன் சாப்பிடுகிறீர்களா என்று கேட்பதற்கும் நடுவில் ஒரு அடி தூரம் இருந்தது. அந்த ஒரு அடியில்தான் அவர் விழுந்தார்.

விடியும்போது விதிகளை முதலிலிருந்து மறுபடி படித்தேன். பிறகு ரவுனோவை அழைத்தேன்.

"நிறுத்தி வச்சது ஆளில்லா நேரத்தைத்தானே? நான் மேசையில இருந்தா அது ஆளில்லா நேரம் இல்லையே?"

"சம்பளமில்லாம உங்களை உக்கார வைக்க முடியாது, ஹெல்கா. தொழிற்சங்கம் என்னைப் பிச்சுப்புடும்."

"சம்பளம் கேக்கல. வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் எனக்கு இருக்கு. திங்கட்கிழமை பிற்பகலை விட்டுடறேன். வியாழக்கிழமை ரெண்டு மணி நேரம் போதும். மிச்சம் பத்து மணி. வாரத்துல அஞ்சு நாள், காலையில ஆறிலிருந்து எட்டு."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"காலை ஆறு மணிக்கா? உங்களுக்கு முட்டிவலி இருக்கே."

"வலி எந்த மணிக்கும் இருக்கும்."

"திங்கட்கிழமை வர்றவங்க என்னைத் திட்டுவாங்க."

"என்கிட்ட அனுப்புங்க."

"எழுதி அனுப்புங்க, கையெழுத்துப் போடறேன்" என்றார். வைப்பதற்கு முன் மெதுவாகக் கேட்டார்: "அந்தப் பெரியவர் எப்படி இருக்கார்?" அதற்காகவே அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

திங்கட்கிழமைக்காரர்கள் திட்டத்தான் செய்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. பள்ளி முடிந்து வந்து கதை கேட்கும் சின்னப் பிள்ளைகளுக்கு இப்போது திங்கட்கிழமை இல்லை. ஒருவருக்குப் போர்த்தினால் இன்னொருவரின் கால் வெளியே தெரிகிறது, போர்வை அவ்வளவுதான். ஆவுனேக்கும் ஞாயிறு பிற்பகல்கள் போயின. தேர்வுக்கு இன்னும் எட்டு வாரம். போதுமா என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

முதல் காலை ஆறு மணிக்கு நான் விளக்கைப் போடும்போது முற்றத்துப் பனி ஏற்கெனவே தள்ளப்பட்டிருந்தது. ஆவுனே வந்து ஜன்னலோர மேசையில் புத்தகங்களைப் பரப்பினாள். லேயா செய்தித்தாளோடு உட்கார்ந்தாள். ஒன்னி வேலை உடுப்போடு உள்ளே வந்து, வெப்பக்குழாய் அருகே இருந்த காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு, அதில் உட்காராமல் என் மேசைக்கு வந்தார்.

"அவர் பேரு என்ன?"

"அர்மாஸ் ஹெய்க்குரா. இன்னும் பத்து நாள் ஆஸ்பத்திரியில இருக்கணுமாம். அப்புறம் வசந்தம் வரைக்கும் முதியோர் இல்லத்துல ஒரு அறை பார்த்திருக்காங்க. அடையாள அட்டைக்கு அங்கேயே எழுதிப் போட்டிருக்காங்க."

"புகைபோக்கி?"

"பனி உருகினாத்தான் கொத்து வேலை நடக்கும்."

"என் மச்சான் கொத்தனார். சொல்லி வைக்கறேன். சனிக்கிழமை அவரைப் பார்க்கப் போறேன், நீயும் வா. நான் தனியாப் போனா என்ன பேசறதுன்னு தெரியாது."

அப்போது ஆவுனே தலையைத் தூக்கினாள். வாசிப்பறையில் சத்தமாகப் பேசி அவளை நான் பார்த்ததேயில்லை. முகம் சிவந்துபோய்ச் சொன்னாள்:

"யாராவது என்னைக் கொஞ்சம் கேள்வி கேளுங்களேன். தனியா படிச்சா எதுவும் நிக்க மாட்டேங்குது."

ஒன்னி தயங்கித் தயங்கிப் போய், அவள் புத்தகத்தைக் கையில் வாங்கி, தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "முன்கையில ரெண்டு எலும்பு. பேரு சொல்லு."

"நீங்களே சொல்லுங்க பார்க்கலாம்."

"வலதும் இடதும்."

அந்தக் குளிர்காலத்தில் முதல் தடவையாக ஆவுனே வாய்விட்டுச் சிரித்தாள்.

"ரேடியஸ், அல்னா" என்று செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து லேயாவின் குரல் வந்தது. "எனக்கு அல்னா உடைஞ்சிருக்கு. ஆர்கன் மாடியிலிருந்து விழுந்தப்ப."

முப்பது வருடங்களாக ஞாயிறுதோறும் அவள் வாசிப்பைக் கேட்டிருக்கிறோம். எங்களில் யாருக்கும் இது தெரியாது.

"எப்ப விழுந்தீங்க?" என்று ஆவுனே கேட்டாள்.

லேயா செய்தித்தாளை நாலாக மடித்து வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.